வாசகர்க்குத் திறந்த கதவு

நுழையும்முன்

அணை கட்டிய பொறியாளரையும் உயிர் காத்த மருத்துவரையும் ஊர் நினைவில் வைத்திருக்கும். நூலகரின் பணியோ கண்ணில் படுவதன்று. தேடிய நூல் உரிய அடுக்கில் இருக்கிறது, எடுத்துப் படிக்கிறோம், அதனை அங்கே வைத்த கையை எண்ணிப் பார்ப்பதில்லை. அக்கைகளின் உழைப்புக்கு ஓர் அறிவியல் முறையை வகுத்தளித்தவர் சீர்காழி இரா. அரங்கநாதன். இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப் போற்றப்படும் அவர், நூலகப் பணியை விரும்பி ஏற்றவர் அல்லர் என்பது வியப்புக்குரிய செய்தி.

கணிதத்திலிருந்து நூலகத்திற்கு

அரங்கநாதன் 1892ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். இளமையில் அவருக்குத் திக்குவாய் இருந்தது. விடாமுயற்சியால் அதனை வென்று, மாணவர் விரும்பும் ஆசிரியராக உயர்ந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த அவரை, நண்பர்களின் தூண்டுதல் வேறொரு பதவிக்கு விண்ணப்பிக்கச் செய்தது. 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்த்தப்பட்டார்.

பதவியேற்ற சில நாள்களிலேயே அவர் சோர்ந்துபோனார். வகுப்பறையின் கேள்விகளுக்கும் சிரிப்புக்கும் பழகிய மனத்திற்கு, ஆளரவமற்ற நூலகத்தின் தனிமை பெருஞ்சுமையாயிற்று. மீண்டும் கற்பித்தற்பணிக்கே அனுப்பிவிடுமாறு கல்லூரி முதல்வரிடம் வேண்டினார். இங்கிலாந்து சென்று நூலகக் கல்வி பயின்று வரட்டும். அதன் பின்னரும் மனம் மாறவில்லையெனில் பழைய பணிக்குத் திரும்பலாம் என்று முடிவு செய்யப்பட்டது.

இலண்டனில் அவர் கற்றதைவிடக் கண்டது மிகுதி. நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். அங்கே தொழிலாளர், இல்லத்தரசியர், சிறுவர் எனப் பலரும் நூலகத்தைத் தம் சொந்த இடம்போல் பயன்படுத்தினர். நூலகம் என்பது நூல்களைக் காக்கும் கிடங்கன்று, மக்களுக்கான பணிமனை என்னும் உண்மை அவருக்குப் புலப்பட்டது. 1925ஆம் ஆண்டு நாடு திரும்பியவர் கணித வகுப்புக்குத் திரும்பிச் செல்லவில்லை.

வாசகரை முன்னிறுத்திய முறை

பூட்டிய அலமாரியும் அதன் சாவியை இடுப்பில் செருகிய பொறுப்பாளரும் எம் தலைமுறை ஆசிரியர்களுக்கு அந்நியமான காட்சி அல்ல. நூல் தொலைந்தால் யார் பொறுப்பு என்னும் அச்சம், படிக்க வந்தவரைவிடப் பெரிதாகிவிடுகிறது. அரங்கநாதன் அவ்வச்சத்தைப் புறந்தள்ளினார். வாசகர் தாமே அடுக்குகளுக்கிடையே சென்று நூல்களைப் புரட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் திறந்த அடுக்கு முறையைக் கொணர்ந்தார். 1931ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளின் அடிப்படையும் இதுவே. நூலின் பெருமை அது காக்கப்படுவதில் இல்லை, பயன்படுவதில்தான் உள்ளது என்றும், வாசகர் காத்திருந்து வீணாக்கும் நேரத்திற்கு நூலகமே பொறுப்பு என்றும் அவ்விதிகள் நமக்கு உணர்த்துகின்றன.

அடுக்கைத் திறந்துவிட்டால் போதுமா? தேடுவது எளிதில் கிடைக்க வேண்டுமே! இலண்டன் கடையொன்றில் அவர் கண்ட விளையாட்டுப் பொருள் இதற்கு வழிகாட்டியது. ஒரே வகையான உலோகத் துண்டுகளை வெவ்வேறாகப் பூட்டிப் பல உருவங்களைச் செய்துகாட்டினர். பொருட்பகுப்பையும் அவ்வாறே அமைக்கலாம் என எண்ணினார். நெற்பயிரின் இலையில் தோன்றும் நோயைப் பற்றிய நூல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நெல், இலை, நோய் எனக் கூறுகளைப் பிரித்து, ஒவ்வொன்றற்கும் குறியீடளித்து, அவற்றை முக்காற்புள்ளி முதலியவற்றால் இணைத்தால் அந்நூலுக்குரிய இடம் கிடைத்துவிடும். 1933ஆம் ஆண்டு வெளியான இம்முறை கோலன் பகுப்புமுறை எனப்படுகிறது. கணித ஆசிரியரின் மனம் இங்கு வீணாகவில்லை.

மாட்டுவண்டியும் சட்டமும்

பல்கலைக்கழகத்திற்கு வர இயலாதவர்க்கு யார் நூல் தருவது? 1928ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சென்னை நூலகச் சங்கத்தின் வழியாக இவ்வினாவை அவர் ஊர்தோறும் எடுத்துச் சென்றார். 1931ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டுவண்டி நூலகம் ஒன்றைத் தொடங்கிவைத்தார். எஸ். வி. கனகசபைப் பிள்ளையின் முயற்சியால் உருவான அவ்வண்டி, சுற்றுப்புறச் சிற்றூர்களுக்கு நூல்களைக் கொண்டு சென்றது.

எனினும், வள்ளல்களின் மனம் குளிர்ந்தால் நூலகம். குளிராவிடில் இல்லை என்னும் நிலையை அவர் ஏற்கவில்லை. பள்ளியைப் போன்றே நூலகமும் மக்களின் உரிமை என்றார். 1930ஆம் ஆண்டு காசியில் கூடிய அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்ட வரைவை முன்வைத்தார். அக்கருத்து சென்னை மாகாணத்தில் சட்டமாக மலரப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டமே விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டமாகும். சொத்து வரியுடன் சிறு தொகையை நூலக வரியாகப் பெற்று, அதனை நூலகங்களுக்கே செலவிட அச்சட்டம் வழிவகுத்தது. இன்று கிளை நூலகத்தில் அமர்ந்து நாளிதழ் விரிக்கும் முதியவர் எவருடைய தயவிலும் அங்கில்லை. தம் வீட்டு வரி இரசீதின் உரிமையில் இருக்கிறார்.

உழைப்பும் கொடையும்

நாள்தோறும் பதின்மூன்று மணி நேரம், விடுமுறையின்றி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் பணியாற்றினார் என்பர். தம் திருமண நாளன்றுகூடப் பிற்பகலில் நூலகத்திற்கு வந்துவிட்டாராம்! இதனை மாணவர்க்கு முன்மாதிரியாகக் கூற எமக்குச் சிறு தயக்கமுண்டு. மணமகளின் மனநிலையையும் எண்ண வேண்டுமல்லவா? ஆயினும், ஒரு காலத்தில் விட்டோட நினைத்த அதே இடம் அவரை எவ்வாறு ஆட்கொண்டது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

சென்னையிலிருந்து ஓய்வு பெற்றபின் காசியிலும் தில்லியிலும் பணியைத் தொடர்ந்தார். 1962ஆம் ஆண்டு பெங்களூரில் ஆவணமாக்க ஆய்வு, பயிற்சி மையத்தை நிறுவினார். 1957ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார். 1972ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் மறைந்தார். நூலகவியல் பேராசிரியர் பதவியொன்றை ஏற்படுத்துவதற்காகத் தம் சேமிப்பிலிருந்து ஒரு இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அவர் முன்னரே வழங்கியிருந்தார். அப்பதவி தாங்கி நிற்பது, திருமண நாளன்று பிற்பகலில் அவர் வீட்டில் விட்டுவந்த துணைவியார் சாரதாவின் பெயரை.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர்க் கிளை நூலகத்திற்குச் சென்று, நூலகர் ஒருநாளில் செய்யும் பணிகளை உடனிருந்து கண்டு, வகுப்பில் எடுத்துரைக்க. உங்கள் வீட்டு வரி இரசீதில் நூலக வரி எவ்வளவு எனப் பெற்றோரிடம் கேட்டறிந்து குறிப்பேட்டில் எழுதுக.