ரிட்டயர் ஆகுமுன் கணவனும் மனைவியும் பார்க்க வேண்டிய பாலிசிக் கணக்கு

1. புதுப் பாலிசி பேச்சை எடுக்குமுன், பீரோவில் இருக்கும் பழைய பத்திரங்களை எல்லாம் கட்டிலில் பரப்புங்கள். பாலிசி எண், காப்புத் தொகை, முதிர்வு தேதி, நாமினி பெயர் நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் இப்படி எழுத உட்கார்ந்தபோதுதான் கவனித்தோம்: கல்யாணத்துக்கு முன் என் கணவர் எடுத்த முழு ஆயுள் பாலிசியில் நாமினி இன்னும் என் மாமியார்தான். அவர் காலமாகிப் பதினொரு வருடம். மறுநாளே படிவம் எழுதிக் கொடுத்து மாற்றினோம்.

2. "முடிவில் எவ்வளவு திரும்ப வரும்?" என்று ஏஜென்டிடம் கேட்பதை விடுங்கள். "இருவரில் ஒருவர் போய்விட்டால் மறுமாதம் வீட்டுக்கு வரும் பணத்தில் எவ்வளவு குறையும்?" என்று உங்களுக்குள் கேளுங்கள். பழைய பென்ஷன் திட்டத்தில், கடைசி அடிப்படைச் சம்பளம் 80,000 ரூபாய் என்றால் ஓய்வூதியம் 40,000. குடும்ப ஓய்வூதியமோ 30 சதவீதம், அதாவது 24,000தான். (ஓய்வு பெற்ற சில வருடங்களுக்குள் இறந்தால் கொஞ்ச காலம் கூடுதலாக வரும்.) மாதம் 16,000 துண்டு விழும். ஆனால் வாடகையும் கரண்ட் பில்லும் ஆள் குறைந்ததற்காகப் பாதியாகாது. பி.எஃப். பென்ஷன் வாங்குபவர் என்றால் மனைவிக்குப் பாதிதான். அந்தத் துண்டை ஈடுகட்டத்தான் காப்பீடு.

3. கடன் இல்லை, பிள்ளைகள் நிலைத்துவிட்டார்கள், வட்டியும் வாடகையும் ஒருவருக்குத் தாராளமாகப் போதும் என்றால் புது ஆயுள் காப்பீடு வேண்டவே வேண்டாம். அந்தப் பிரீமியத்தை மருத்துவக் காப்பீட்டுக்குக் கட்டுங்கள்.

4. எது எப்போது முடிகிறது என்று பாருங்கள். அலுவலக குரூப் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் ஓய்வோடு போய்விடும். வங்கியில் ஆண்டுக்கு 436 ரூபாய் பிடிக்கும் ஜீவன் ஜோதி 55 வயதோடு சரி. 20 ரூபாய் விபத்துக் காப்பீடு 70 வரை உண்டு.

5. வீட்டுக் கடன் இன்னும் ஏழெட்டு வருடம் இருந்தால், அதுவரைக்கும் மட்டும் டெர்ம் பாலிசி எடுங்கள். சுகர், பி.பி.யை மறைக்காதீர்கள். "இல்லைன்னு போட்டுடலாம் சார்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். முதல் மூன்று ஆண்டுக்குள் இறப்பு நேர்ந்தால், மறைத்ததைக் காட்டி நிறுவனம் பணத்தை மறுக்க முடியும். அப்போது அலையப் போவது உங்கள் மனைவி.

6. கிராஜுவிட்டி வந்த வாரத்தில் எந்தப் பாலிசியிலும் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டால், பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க உரிமை உண்டு. தனிநபர் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

7. ஆன்யூட்டி வாங்கினால் இருவர் பெயரிலும், ஒருவருக்குப் பின் மற்றவருக்கு முழுத் தொகையும் வரும்படி வாங்குங்கள். ஒருவர் பெயரில் மட்டும் எடுத்தால் மாதாமாதம் சற்றுக் கூடுதலாக வரும். அந்த ஆசையில் மனைவியை விட்டுவிடாதீர்கள். சாதாரண ஆன்யூட்டியில் இன்று வரும் தொகைதான் இருபது வருடம் கழித்தும் வரும். ஆகவே எல்லாப் பணத்தையும் அதில் போட வேண்டாம். தபால் நிலையத்து மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம்.

8. இரண்டு மூன்று வருடத்தில் முதிரப் போகும் எண்டோமென்ட் பாலிசியை அவசரப்பட்டு சரண்டர் செய்யாதீர்கள். பிரீமியம் கட்ட முடியாவிட்டால், பெய்ட் அப் ஆக விட்டால் எவ்வளவு கிடைக்கும் என்று கிளையில் கேளுங்கள்.

9. வியாபாரக் கடன் உள்ளவர்கள் புதுப் பாலிசி எடுக்கும்போதே 1874-ஆம் ஆண்டு திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுங்கள். அந்தப் பணம் மனைவி மக்களுக்கே. கடன்காரர் பொதுவாகத் தொட முடியாது. பிறகு மாற்றிக்கொள்ள வழியில்லை.

10. நோட்டு எங்கே இருக்கிறது என்று மனைவிக்கும் ஒரு பிள்ளைக்கும் தெரியட்டும். பாலிசியிலும் ஆதாரிலும் பாஸ்புக்கிலும் அவர் பெயர் ஒன்றுபோல இருக்கிறதா பாருங்கள். ஒன்றில் லட்சுமி, இன்னொன்றில் மகாலட்சுமி என்றால், இருவரும் சேர்ந்து போய் இப்போதே திருத்திவிடுங்கள்.