அம்மாவின் பிரஷர், பிள்ளையின் ஹார்மோன்

கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ் வீட்டில் வளைகாப்பு என்றால், அடுத்த வீட்டு வங்காளிப் பெண்ணுக்கு ‘ஷாத்’. விருந்து வேறு, அறிவுரை ஒன்றுதான். கர்ப்பகாலக் கார்டில் பிரஷர் 140/90 என்று எழுதி வந்தால், “உப்பைக் குறைச்சுக்கோம்மா, குழந்தை பிறந்தா தானா இறங்கிடும்” என்பார்கள். அன்பில் சொல்வதுதான், நம்பி இருந்துவிடக் கூடாது.

நம்பிக்கை: உப்பைக் குறைத்தால் போதும், மாத்திரை பிள்ளைக்கு ஆகாது.

உண்மை: உப்பைக் குறைப்பதால், கர்ப்பத்தில் பிரஷர் ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் ப்ரீ-எக்லாம்ப்சியா தடைபடுவதில்லை. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரினையும், உணவில் கால்சியம் போதாத இடங்களில் கால்சியம் மாத்திரையையும்தான் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா மூன்றும் கர்ப்பத்தில் காலங்காலமாகத் தரப்படுபவை. டெல்மிசார்ட்டான் போன்ற பிரஷர் மாத்திரைகள்தான் கூடாது. ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் அதை முதல் பரிசோதனையிலேயே சொல்லிவிட வேண்டும்.

நம்பிக்கை: பிரசவத்தோடு எல்லாம் முடிந்தது.

உண்மை: ப்ரீ-எக்லாம்ப்சியாவால் தாய்க்கு வலிப்பு பிரசவத்துக்குப் பின்னும் வரலாம். பிள்ளையின் கதை இன்னும் நீளம். தாயின் கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் அப்படியே சிசுவுக்குப் போய்விடாமல் தடுக்கும் நொதி ஒன்று நஞ்சுக்கொடியில் உண்டு. ப்ரீ-எக்லாம்ப்சியாவில் அது மந்தப்படுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நஞ்சுக்கொடிக்கு ரத்தமும் குறைவாகவே போகும். பல குழந்தைகள் எடை குறைந்து பிறப்பது இதனால்தான்.

அதற்காகப் பிள்ளைக்குச் சர்க்கரையும் ஹார்மோன் கோளாறும் வந்தே தீரும் என்று தாயைக் கலங்கடிப்பது கொடுமை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் பார்த்தபோது, ப்ரீ-எக்லாம்ப்சியா வந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு மேல் ரத்த அழுத்தம் சராசரியாக இரண்டு புள்ளிக்குச் சற்றுமேல்தான் கூடியிருந்தது. அதிலும் பரம்பரை, தாயின் எடை எல்லாம் கலந்திருக்கின்றன.

நம்பிக்கை: ஒல்லியாகப் பிறந்த பிள்ளையைச் சீக்கிரம் கொழுகொழுவென்று ஆக்க வேண்டும்.

உண்மை: என்னை மிகவும் கவலைப்படுத்துவது இதுதான். டெல்லியில் பிறப்பிலிருந்து பின்தொடரப்பட்ட சுமார் 1,500 பேரைப் பற்றிய ஆய்வு 2004-இல் வெளிவந்தது. முப்பது வயதையொட்டிச் சர்க்கரை ஏறியவர்கள், இரண்டு வயதுவரை ஒல்லியாக இருந்து, பிறகு மளமளவென்று பருமன் கூடியவர்கள். பன்னிரண்டு வயதில் அவர்களில் ஒருவர்கூட உடல் பருமன் என்ற கணக்கில் வரவில்லை. ஆகவே, தாய்ப்பால் தாராளமாகக் கொடுங்கள். சர்க்கரை போட்ட டப்பா மாவும் பிஸ்கட்டும் வேண்டாம்.

தாய்-சேய் பாதுகாப்பு அட்டையில் அம்மாவின் பிரஷர் குறிப்பும் பிள்ளையின் எடை வரைபடமும் சில பக்க இடைவெளியில்தான் இருக்கின்றன. குழந்தை மருத்துவரிடம் போனால் இரண்டையும் திறந்து காட்டுங்கள். மூன்று வயதிலிருந்து ஆண்டுக்கொருமுறை பிள்ளைக்கும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். குறைமாதத்தில் பிறந்திருந்தால் அதற்கு முன்பே.