நாவைப் பண்படுத்தும் கல்வி

1902 ஜூலை 4, சுவாமி விவேகானந்தர் உடலில் வாழ்ந்த கடைசி நாள். அன்று காலை பேலூர் மடத்தின் பூஜையறையில் அவர் நெடுநேரம் தியானத்தில் அமர்ந்திருந்தார். மதிய உணவுக்குப் பின் பிரம்மசாரிகளை அழைத்து, ஏறக்குறைய மூன்று மணி நேரம் சம்ஸ்கிருத இலக்கணம் கற்பித்தார். மாலையில் சுவாமி பிரேமானந்தருடன் உலவியபோது, மடத்தில் வேதக் கல்விக்கென ஒரு கல்லூரி அமைய வேண்டும் என்று பேசினார். அன்றிரவே மகாசமாதி அடைந்தார்.

வாழ்வின் கடைசிப் பிற்பகலை ஒரு ஞானி எழுத்துகளின் புணர்ச்சியையும் சொற்களின் ஈறுகளையும் விளக்குவதில் செலவிட்டார் என்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். அவரது வாழ்க்கையைத் தொடர்ந்து கற்றவர்களுக்கு வியப்பு இராது. 1888இல், வறுமையின் நடுவே வராக நகர் மடத்தில் இளந்துறவிகள் வாழ்ந்த நாட்களில், காசியிலிருந்த பிரமதாதாஸ் மித்திரருக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று உண்டு. வேத மொழியில் முழுத் தேர்ச்சி பெறப் பாணினியின் இலக்கணம் இன்றியமையாதது, அதை வாங்க மடத்தில் பொருளில்லை என்பது அக்கடிதத்தின் செய்தி. பின்னர் ராஜஸ்தானத்தில் சுற்றித் திரிந்தபோது ஜெய்ப்பூரில் ஓர் இலக்கணப் பண்டிதரிடம் பாடம் கேட்டார். முதல் சூத்திரத்திற்குப் பதஞ்சலி செய்த உரையைப் பண்டிதர் மூன்று நாட்கள் விளக்கியும் அவருக்குப் பிடிபடவில்லை. தமது போதனையால் பயனில்லை போலும் என்று பண்டிதரே தயங்கினார். சுவாமிஜி தனித்து அமர்ந்து, உறுதியுடன் மனத்தை அதில் செலுத்தினார். மூன்று மணி நேரத்தில் பொருள் தெளிந்தது. அதன்பின் 1891இல் கேத்ரியில் நாராயண தாஸ் என்ற பண்டிதரிடம் பதஞ்சலியின் மகாபாஷ்யத்தைத் தொடர்ந்து பயின்றார். ஒரு மொழியின் முன் மாணவனாக அமர்வதை அவர் ஆன்மீக வாழ்வுக்குப் புறம்பானதாகக் கருதவில்லை.

மந்திரங்களையும் துதிகளையும் ஓதும் அன்பர்களிடையே இந்தக் கல்வியைப் பற்றி இரண்டு விதமான பேச்சுகள் நிலவுகின்றன. உச்சரிப்பு பிழைத்தால் கேடு விளையும் என்பது ஒன்று. பக்தி இருந்தால் போதும், உச்சரிப்பு எதற்கு என்பது மற்றொன்று. முன்னது பலரை ஓதவே அஞ்சச் செய்கிறது. பின்னது பலரைக் கற்காமலே காலம் கழிக்கச் செய்கிறது. இரண்டுக்கும் ஆதாரமாகக் காட்டப்படும் கதைகளைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

முதற்கதை தைத்திரீய சம்ஹிதையில் வருவது. தன் மகன் விசுவரூபனை இந்திரன் கொன்றதால் சினந்த துவஷ்டா, இந்திரனைக் கொல்லும் மகன் ஒருவனை வேண்டி வேள்வி செய்தான். ‘இந்திரசத்ரு’ என்ற சொல்லில் உயர்த்திச் சொல்ல வேண்டிய அசையை விடுத்து வேறோர் அசையை உயர்த்திவிட்டான். இறுதி அசை உயர்ந்திருந்தால் ‘இந்திரனைக் கொல்பவன்’ என்று பொருள். முன் பகுதி உயர்ந்ததால் ‘இந்திரனால் கொல்லப்படுபவன்’ என்றாயிற்று. தோன்றிய விருத்திரன் இந்திரன் கையாலேயே மடிந்தான். பதஞ்சலியும் இலக்கணம் கற்பதன் பயனைச் சொல்லும் இடத்தில் இக்கதையை நினைவூட்டுகிறார். ஆனால் கதையில் வருபவன் யார்? பழி தீர்ப்பதற்காக வேள்வி செய்தவன். அவன் பிழைத்தது வேத மந்திரத்திற்குரிய சுரத்தில். இறைவனின் திருநாமத்தை அன்புடன் சொல்லும் எளிய பக்தரை அச்சுறுத்த இக்கதையைப் பயன்படுத்துவது பொருந்தாது.

இரண்டாவது கதைக்கு இடம் திருவரங்கம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாட்டு யாத்திரையின்போது ஸ்ரீசைதன்யர் மழைக்காலத்து நான்கு மாதங்கள் அங்கே தங்கினார். கோயிலில் ஓர் அந்தணர் நாள்தோறும் கீதையைப் பிழைகளோடு படிப்பதும், கேட்டவர்கள் நகைப்பதும், அவர் அதைப் பொருட்படுத்தாமல் கண்ணீர் பெருக்குவதும் சைதன்யரின் கண்ணில் பட்டன. காரணம் கேட்டபோது, தமக்குச் சொற்பொருள் தெரியாது, குருவின் கட்டளைப்படி படிப்பதாகவும், படிக்கும்போதெல்லாம் அர்ஜுனனின் தேரில் அமர்ந்த கண்ணனைக் காண்பதாகவும் அவர் கூறினார். கீதை படிக்க உரிமை பெற்றவர் இவரே என்று சொல்லிச் சைதன்யர் அவரைத் தழுவிக்கொண்டார். இதைக் கேட்டதும், ‘பார்த்தீர்களா, உச்சரிப்பு தேவையில்லை’ என்று முடிவு கட்டுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த அந்தணர் ஒரு நாளும் தவறாமல் பதினெட்டு அத்தியாயங்களையும் படித்தவர். தம்மால் இயன்றதில் அவர் எதையும் மிச்சம் வைக்கவில்லை. கற்கும் வசதி இருந்தும் கல்லாதவர் அவருடைய நிழலில் ஒதுங்க முடியாது.

ஓதும் கலையை உபநிடதமே ஒரு பாடமாக வைக்கிறது. தைத்திரீயத்தின் முதல் பகுதிக்கே சீக்ஷாவல்லி என்று பெயர். எழுத்து, சுரம், மாத்திரை, அழுத்தம், சமநிலை, தொடர்ச்சி ஆகிய ஆறும் அப்பாடத்தின் உறுப்புகள். பாணினீய சிக்ஷை என்ற நூல் இதை ஓர் அழகிய உவமையால் விளக்குகிறது. பெண்புலி தன் குட்டிகளைப் பற்களால் கவ்விச் செல்கிறது. தளர்த்தினால் குட்டி விழும், இறுக்கினால் காயப்படும். எழுத்துகளை அப்படி ஏந்திச் செல்ல வேண்டுமாம். உச்சரிப்பைப் பற்றி இதைவிடக் கனிவாகச் சொன்னவர் அரிது.

தமிழரின் நாவில் ஏற்கெனவே இருப்பவை

இக்கல்வி தமிழருக்குப் புதிதன்று. எழுத்துகள் பிறக்கும் விதத்தைத் தொல்காப்பியம் தனி இயலாகவே கூறுகிறது. தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் என்ற எட்டு இடங்களை வகுத்துக் காட்டுகிறது. உள்ளிருந்து எழும் காற்றின் அளவைக் கூறுவது அந்தணர் மறையின் பொருள் என்றும், தான் செவிக்குப் புலனாகும் ஒலியை மட்டுமே கூறுவதாகவும் அவ்வியலின் இறுதியில் தொல்காப்பியர் எல்லை வகுக்கிறார். இரு மரபுகளும் ஒன்றையொன்று அறிந்திருந்தன என்பதற்கு இது நல்ல சான்று.

சம்ஸ்கிருதத்தில் க, ச, ட, த, ப என்ற ஐந்து வர்க்கங்களிலும் வல்லொலிகள் நந்நான்கு உண்டு, ஆக இருபது. தமிழில் அவற்றுக்கு ஐந்தே எழுத்துகள். இதனால் தமிழருக்கு அந்த ஒலிகள் வாரா என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. மிடற்றில் விரலை வைத்து ‘பக்கம்’ என்று மெல்லச் சொல்லிப் பார்த்தால், நடுவில் அதிர்வு நின்று மீண்டும் தொடங்கும். ‘தங்கம்’ என்னும்போது அதிர்வு நிற்பதே இல்லை. முன்னது வர்க்கத்தின் முதல் எழுத்து. பின்னது மூன்றாம் எழுத்து. பஞ்சு, வண்டு, பந்து, அம்பு ஆகிய சொற்களிலும் மூன்றாம் எழுத்தின் ஒலியே கேட்கிறது. ஒவ்வொரு தமிழ்க் குழந்தையும் இரண்டு ஒலிகளையும் நாள்தோறும் பேசுகிறது. தமிழின் ஒழுங்குப்படி மூன்றாம் ஒலி சொல்லின் முதலில் வராது என்பதே வேறுபாடு. ‘கங்கை’ என்ற சொல்லின் இரண்டாம் ககரத்தை எப்படிச் சொல்கிறோமோ, அப்படியே முதல் ககரத்தையும் சொன்னால் சம்ஸ்கிருதத்தின் கங்கா கிடைத்துவிடும்.

புதிதாகப் பழக வேண்டியவை இரண்டாம், நான்காம் எழுத்துகள் மட்டுமே. உள்ளங்கையை வாய்க்கு எதிரே பிடித்துச் சொல்லும்போது மூச்சு கையில் பட வேண்டும். இதற்காக மார்பை வருத்த வேண்டியதில்லை. எழுத்தோடு சேர்ந்தே மூச்சு வெளிவந்தால் போதும். சிலர் ‘தர்மம்’ என்பதைத் ‘தஹர்மம்’ என்று பிரித்துச் சொல்கின்றனர். புலி இறுக்கிக் கடித்துவிட்ட நிலை அது.

தமிழ் நூல்களில் க, க², க³, க⁴ என்று எண்ணிட்டு அச்சிடுவது இந்த நான்கையும் வேறுபடுத்தவே. பலரும் அவ்வெண்களை அச்சு அலங்காரமாக எண்ணிக் கடந்து செல்கின்றனர். அவற்றின் வேலை என்ன? ‘கர’ என்றால் கை. ‘க²ர’ என்றால் கழுதை. ‘க³ர’ என்றால் நஞ்சு. ‘ப³லம்’ வலிமை, ‘ப²லம்’ பயன். ‘பாரம்’ என்பது மறுகரை. பிறவிக்கடலின் மறுகரையைப் பாடும் துதியில் மூச்சைச் சேர்த்து ‘பா⁴ரம்’ என்றால் சுமையாகிவிடும். மாத்திரையும் அப்படியே. ‘தீ³னபந்து’ எளியோரின் உறவினன். முதல் எழுத்தைக் குறுக்கினால் ‘தி³ன’, அதாவது பகல்.

தமிழ் நா உதவும் இடத்திலேயே தடையாகவும் ஆகிறது. மெல்லெழுத்தின் பின் வல்லெழுத்து வந்தால் அதை மென்மையாக்குவது தமிழின் இயல்பு. ஆகவே ‘சங்கர’ என்பதில் முதல் ககரமாக ஒலிக்க வேண்டியது மூன்றாம் ககரமாகிறது. ‘பஞ்ச’ என்பதிலும் அவ்வாறே. ‘வேதாந்தம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். ‘அந்த’ என்றால் முடிவு. ‘பக்தி’யில் ஒலிக்கும் தகரமே அங்கும் ஒலிக்க வேண்டும். ‘பந்து’வில் உள்ள தகரமாக்கி, ஆர்வத்தில் சிறிது மூச்சையும் கூட்டினால் ‘அந்த⁴’ என்றாகும். அதற்குக் குருடு என்று பொருள்.

எந்த மாநிலத்து நாவும் விலக்கன்று

பல மாநிலத்து அன்பர்கள் ஓரிடத்தில் கூடி ஓதும்போது ஒருவர் உச்சரிப்பு மற்றவருக்கு வேடிக்கையாகத் தோன்றும். வங்காளி அகரத்தை ஒகரத்தின் சாயலில் சொல்வார், வகரத்தைப் பகரமாக்குவார், இலட்சுமி அவர் வாயில் ‘லொக்கி’ ஆவாள். இந்தி பேசுபவர் ராம, சிவ, யோக என்ற சொற்களின் ஈற்று அகரத்தை விழுங்கிவிடுவார். ஞானம் அவருக்கு ‘க்யான்’, மராட்டியருக்கு ‘த்ந்யான்’. மலையாளி உத்ஸவத்தை ‘உல்சவம்’ என்பார். கிருஷ்ணனின் முதல் எழுத்தில் உள்ள உயிரை வடக்கே இகரச் சாயலிலும், மராட்டியம், ஒடிசா முதலிய இடங்களில் உகரச் சாயலிலும் ஒலிக்கின்றனர். சுக்ல யஜுர்வேதத்தின் மாத்யந்தின சாகையினர் ‘புருஷ’ என்பதைப் ‘புருக²’ என்று ஓதுவது அவர்களின் குருபரம்பரை வழக்கம். அதைப் பிழை என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. சம்ஸ்கிருதத்தை எல்லோருமே தத்தம் தாய்மொழியின் வாசல் வழியாகவே அடைகின்றனர். எனவே நகைப்பவரும் நகைக்கப்படுபவரும் ஒரே வகுப்பின் மாணவர்களே.

மந்திரத்தில் வேண்டிய திருத்தத்தைத் தமிழ்ப் பேச்சில் புகுத்துவதும் தேவையற்றது. வடசொல் தமிழுக்கு வரும்போது வட எழுத்தை விட்டுத் தமிழ் எழுத்தை ஏற்க வேண்டும் என்பது தொல்காப்பியர் விதி. கம்பருக்கு லக்ஷ்மணன் இலக்குவன், விபீஷணன் வீடணன். அவருக்கு வடமொழி தெரியாது என்று யார் சொல்வார்? தமிழில் ‘பாவம்’ என்ற ஒரே வடிவம் பாபத்தையும் உள்ளத்து உணர்வையும் குறிக்கிறது. இடம் நோக்கிப் பொருள் கொள்கிறோம். அது தமிழின் நெறி. துதி பாடும்போது அத்துதியின் மொழிநெறி. இரண்டு நெறிகளையும் காப்பவரே இரண்டு மொழிகளையும் மதிப்பவர்.

அயல்மொழி ஒன்றின் ஒலிக்கு இப்படிச் செவி கொடுக்கும்போது மனத்தில் ஒரு மகிழ்ச்சி பிறக்கிறது. 1900இல் பாரிஸில் நடைபெற்ற சமய வரலாற்று மாநாட்டுக்குச் சென்ற சுவாமி விவேகானந்தர், ஜூல் புவா என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் இல்லத்தில் விருந்தினராகத் தங்கினார். பிரெஞ்சு பேசிப் பழகுவது அவருடைய நோக்கங்களுள் ஒன்று. தமது அரைகுறைப் பிரெஞ்சைப் பற்றி அவரே வேடிக்கையாகக் குறிப்பிட்டதுண்டு. உலகமே வியந்த ஆங்கிலப் பேச்சாளர் தமது 37ஆம் வயதில், புகழ் உச்சியில் இருந்தபோது, மீண்டும் தட்டுத்தடுமாறிப் பேசும் மாணவராகச் சம்மதித்தார். சிறிதேனும் தற்பெருமை இருந்தால் இது இயலாது.

இன்னும் பழைய எடுத்துக்காட்டு ஜப்பானில் உண்டு. கூக்காய் என்ற துறவி 804இல் கடல் கடந்து சீனாவுக்குச் சென்றார். சாங்கான் நகரில், நாளந்தாவில் பயின்றிருந்த பிரஜ்ஞர் என்ற துறவியிடம் சம்ஸ்கிருதம் கற்றார். 806இல் நாடு திரும்பி அவர் பரப்பிய ஷிங்கோன் பௌத்த நெறியில் சித்தம் என்னும் இந்திய எழுத்து வடிவம் இன்றும் போற்றப்படுகிறது. ஜப்பானிய நாவில் ‘ஸ்வாஹா’ ‘சொவக்கா’ ஆனது; ஆயினும் ஆயிரத்திருநூறு ஆண்டுகளாக அதை அவர்கள் கைவிடவில்லை. அதோடு நிற்கவில்லை. அந்த எழுத்துக் கல்வியின் பயனாக ஜப்பானியரின் சொந்த எழுத்து வரிசையே ஒழுங்கு பெற்றது. அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி, க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று அது செல்கிறது. அந்த ‘ஹ’ முற்காலத்தில் ‘ப’வாக ஒலித்தது. க, ச, த, ந, ப, ம, ய, ர, வ என்று சொல்லிப் பார்க்கும் தமிழருக்கு இந்த வரிசை புதிதாகத் தோன்றாது.

பயில விரும்புவோர் வேத சூக்தங்களையும் துதிகளையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்ளலாகாது. உதாத்தம், அனுதாத்தம், சுவரிதம் என்ற சுரங்களோடு கூடிய வேத மந்திரங்களை ஆசிரியரின் முன் அமர்ந்தே கற்க வேண்டும். 2003இல் யுனெஸ்கோ வேதம் ஓதும் மரபை உலகப் பாரம்பரியச் செல்வமாக அறிவித்தபோது சிறப்பித்ததும், வாயிலிருந்து செவிக்கு வரும் இந்த வழியைத்தான். ஒலிப்பதிவு துணை செய்யும். ஆனால் அது பிழையைத் திருத்தாது. துதிகளுக்கு எண்ணிட்ட நல்ல பதிப்பும், தெரிந்தவர் ஒருவர் கேட்டுத் திருத்துவதும், பொறுமையும் போதும். இறைநாமத்திற்கோ எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

நாள்தோறும் மாலையில் ஆரத்தியின்போது பாடப்படும் சுவாமிஜியின் பாடலிலேயே பயிற்சியைத் தொடங்கலாம். அதன் முதற்சொல்லின் முதல் எழுத்து க². மூச்சுடன் சொன்னால் ‘தகர்ப்பவர்’ என்ற பொருளைத் தரும் சொல், மூச்சின்றிச் சொன்னால் சம்ஸ்கிருத அகராதியில் தானியம் குற்றி உமி நீக்குவதைக் குறிக்கிறது. அடுத்த சொல் ப⁴ என்று தொடங்குகிறது. அதற்கடுத்த சொல்லில் ப³, த⁴ இரண்டும் உண்டு. உள்ளங்கையை வாய்க்கு எதிரே வைத்து, இந்த மூன்று சொற்களை மட்டும் ஒரு வாரம் சொல்லிப் பார்க்கலாம்.