விண்ணில் அளந்த மழை மண்ணில் சரியா?

செயற்கைக்கோள் சொல்லும் மழையளவைச் சோதிக்க வருபவர்கள் பலர் முதலில் மழைமானியின் கணக்கையும் செயற்கைக்கோளின் கணக்கையும் அருகருகே வைத்து வித்தியாசம் பார்க்கிறார்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் செயற்கைக்கோள் தவறு என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இந்த நேரடி ஒப்பீடு போதாது, பல நேரம் நம்மைத் தவறான முடிவுக்கே கொண்டுபோகும் என்பது என் உறுதியான கருத்து. மழைமானிக்கும் செயற்கைக்கோளுக்கும் நடுவில் தரை ரேடார் இருந்தே ஆக வேண்டும். மழைமானி ரேடாரைத் திருத்த வேண்டும், திருந்திய ரேடார்தான் செயற்கைக்கோளைச் சோதிக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 2014 பிப்ரவரியில் அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து ஏவிய ஜிபிஎம் செயற்கைக்கோளின் ரேடார், தரையில் ஏறத்தாழ 5 கி.மீ. விட்டமுள்ள வட்டத்தை ஒரே புள்ளியாகப் பார்க்கிறது. மழைமானியின் வாய் 20 செ.மீ. விட்டம் என்று வைத்துக்கொண்டால், இரண்டின் பரப்புக்கும் இடையே 62 கோடி மடங்குக்கு மேல் வேறுபாடு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது மழை விஷயத்தில் செல்லாது. 2023 டிசம்பர் 18 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பதிவானது, பக்கத்துத் திருச்செந்தூரில் 69 செ.மீ. சில கிலோமீட்டருக்குள் 26 செ.மீ. வித்தியாசம். செயற்கைக்கோள் அந்த வட்டாரத்துக்கு இரண்டுக்கும் நடுவில் ஓர் எண்ணைத் தந்திருந்தால், எந்த மானியை வைத்து அதைக் குறை சொல்வது? நேரமும் இதேபோலப் பொருந்துவதில்லை. செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடக்கும் அந்த நொடியில் மழை எவ்வளவு வேகமாகப் பெய்கிறது என்று பார்க்கிறது. மானியோ சேர்த்து வைத்துச் சொல்கிறது. 0.25 மி.மீ. நிரம்பினால் கவிழும் வாளி கொண்ட மானியில், மணிக்கு அரை மில்லிமீட்டர் தூறல் ஒரு தடவை பதிவாகவே அரை மணி நேரம் ஆகும். இரண்டு கி.மீ. உயரத்தில் பார்த்த துளி தரைக்கு வரச் சுமார் ஐந்து நிமிடம் பிடிக்கும். நொடிக்கு 10 மீட்டர் காற்றடித்தால் அதற்குள் 3 கி.மீ. தள்ளிப் போயிருக்கும்.

ரேடார் இந்த இடைவெளியை நிரப்புகிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை வட்டாரம் முழுவதையும் சுற்றிப் பார்ப்பதால், செயற்கைக்கோளின் அந்த 5 கி.மீ. வட்டத்துக்குள் மழை எங்கே கொட்டியது, எங்கே பெய்யவே இல்லை என்று அதனால் காட்ட முடியும். ஆனால் ரேடாரும் மழையை நேரடியாக அளப்பதில்லையே, எதிரொலியை வைத்து ஊகிக்கிறதே, ஓர் ஊகத்தை இன்னொரு ஊகத்தால் சோதிப்பது எப்படி நியாயம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எதிரொலியின் வலிமையை மழை வேகமாக மாற்றும் சூத்திரம் இடத்துக்கு இடம், மழைக்கு மழை மாறும், ஏனெனில் அது துளிகளின் அளவைப் பொறுத்தது. காலிபரேஷனில் ஒரே ஒரு டெசிபல் பிசகினால் மழை வேகம் 15 முதல் 18 சதவீதம் வரை பிசகும். அரை டிகிரி சாய்வில் செல்லும் கற்றை 100 கி.மீ. தொலைவில் ஏறத்தாழ ஒன்றரை கி.மீ. உயரத்திலும், 200 கி.மீ. தொலைவில் நான்கு கி.மீ. உயரத்திலும் இருக்கும், அங்கே பார்ப்பது தரையில் விழும் மழையே அல்ல. இத்தனை குறைகளும் உண்மை. ஆனால் இவை காரணம் தெரிந்த குறைகள், ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை உண்டு. மானிகளை வைத்து ரேடாரின் மொத்த அளவைத் திருத்தலாம். துளிகளின் அளவை அளக்கும் டிஸ்ட்ரோமீட்டரை வைத்துச் சூத்திரத்தைத் திருத்தலாம். அசையாத கட்டடங்களிலிருந்து வரும் எதிரொலியைத் தினமும் கவனித்து, கருவியின் நிலை மாறியதா என்று அறியலாம். பசிபிக் கடலின் குவாஜலீன் தீவில் உள்ள ரேடாருக்கு இந்தக் கடைசி முறையைத்தான் பயன்படுத்தினார்கள். இவற்றுக்குப் பிறகும் நம்பத் தகாத தூரத்தையும் மலை மறைக்கும் திசைகளையும் ஒப்பீட்டிலிருந்து துணிந்து நீக்குங்கள். தரவு குறைகிறதே என்று வருந்த வேண்டாம். கெட்ட தரவு நூறு இருப்பதைவிட நல்லது பத்து இருப்பது மேல்.

மானிகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. காற்று துளிகளை வாயைத் தாண்டி அடித்துக்கொண்டு போகும், கொட்டும் மழையில் வாளி கவிழும் நேரத்துக்குள் தண்ணீர் வீணாகும், இலையும் பூச்சிக்கூடும் புனலை அடைக்கும். அதனால்தான் நாசாவின் தரைச் சோதனைகளில் மானிகளை இணை இணையாக வைக்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போகாத நாளில் இரண்டையுமே சந்தேகிக்கலாம். தனி மானி பொய் சொன்னால் கண்டுபிடிக்க வழியே இல்லை.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. நல்ல ரேடார் இருக்கும் நாடுகளில் மானிகளும் ஏராளம். செயற்கைக்கோள் உண்மையில் தேவைப்படும் இடம் கடலும் ரேடார் இல்லாத நிலப்பரப்பும்தான். அப்படியிருக்க, ரேடாரும் மானிகளும் உள்ள அமெரிக்காவின் அயோவா மாநிலம் போன்ற இடத்தில் சோதித்து என்ன பயன்? சோதனையின் நோக்கம் மதிப்பெண் போடுவது மட்டும் என்றால் பயன் குறைவுதான். பிழையின் காரணத்தைக் கண்டுபிடிப்பது நோக்கமானால் பயன் பெரிது, ஏனெனில் அதே காரணம் வேறு நாட்டிலும் இயங்கும். 2015 நவம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டுத் தொடக்கம் வரை அமெரிக்காவின் ஒலிம்பிக் மலைப்பகுதியில் நடந்த ஒலிம்பெக்ஸ் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் ரேடார், பள்ளத்தாக்குகளில் மானிகள், மேலே ஆய்வு விமானங்கள். விண்ணிலிருந்து பார்க்கும் ரேடாருக்குத் தரையை ஒட்டிய ஒன்று முதல் இரண்டு கி.மீ. வரை நிலத்தின் எதிரொலி மறைத்துவிடும். மலையில் மோதி மேலேறும் ஈரக்காற்று அந்த மறைவுக்குள்தான் மழையைப் பெருக்குகிறது. இந்தக் காரணம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அப்படியே பொருந்தும்.

ஆகவே, மொத்தத்தில் இத்தனை சதவீதம் குறைவு என்ற ஒற்றை எண்ணோடு நிறுத்தாதீர்கள். பெய்த மழையைத் தவறவிட்டது, பெய்யாததைப் பெய்ததாகச் சொன்னது, கண்டும் அளவைத் தப்பாகச் சொன்னது என்று பிழையை மூன்றாகப் பிரியுங்கள். முதல் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி, மோசமான தரவைச் சராசரியில் அழகாகக் காட்டிவிடும். எதை வைத்துச் சரிபார்க்கிறோம் என்பதையும் கவனியுங்கள். ஐமெர்க் என்ற நாசாவின் செயற்கைக்கோள் மழைத் தரவின் இறுதிப் பதிப்பு மாதாந்தர மானிக் கணக்குகளைச் சேர்த்தே தயாராகிறது; அதே மானிகளை வைத்து அதைச் சரிபார்த்தால் பொருத்தம் நன்றாகத்தான் இருக்கும், அதற்குப் பொருள் இல்லை. நாள் கணக்கும் பொருந்த வேண்டும். நம் நாட்டு மழை நாள் காலை எட்டரைக்குத் தொடங்குகிறது, ஐமெர்க்கின் தினக் கணக்கோ நமது நேரப்படி காலை ஐந்தரைக்கு. அரை மணி நேரக் கோப்புகளை எட்டரை முதல் எட்டரை வரை நீங்களே கூட்டுங்கள். விடியற்காலை மழை வேறு நாளில் போய் விழாது.

மழைமானி வைத்திருக்கும் கல்லூரிகளுக்கும் நீர்ப்பாசன அலுவலகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இருப்பதன் பக்கத்தில் இரண்டாவது மானி ஒன்றை வையுங்கள், மாதம் ஒருமுறை புனலைச் சுத்தம் செய்யுங்கள், தினசரி மொத்தத்தோடு நிற்காமல் நிமிடவாரியான பதிவையும் அழிக்காமல் வைத்திருங்கள்.