நகையும் அச்சமும்: ஜாம்பிப் படங்களைப் பற்றிய இரசிகர் கருத்துகள்

ஒரே கொட்டகையில் அருகருகே அமர்ந்து ஒரே படத்தைக் கண்ட இருவர், வெளியே வந்தவுடன் முற்றும் மாறுபட்ட தீர்ப்புக் கூறுதலை நாம் பலகாற் கேட்டிருக்கின்றோம். அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூவிருந்தவல்லியிலோ இரவுக் காட்சி முடிந்து வீடு திரும்பும் மாணவர் கூட்டத்தின் பின்னே சிறிது தூரம் நடப்பார்க்கு இது நன்கு விளங்கும். ஜாம்பி நகைச்சுவைப் படங்களைப் பற்றிய பேச்சில் இம்மாறுபாடு மிகுதி. அதற்குக் காரணம் யாது? அவ்வபிப்பிராயங்களை நிறுத்தற்குரிய கோல் யாது? இவ்விரண்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஜாம்பி என்னும் சொல் ஹைத்தி நாட்டிலிருந்து வந்தது. மந்திரவாதியால் எழுப்பப்பட்டுத் தன் விருப்பமின்றி ஏவல் செய்யும் பிணத்தையே அந்நாட்டு மக்கள் அப்பெயரால் வழங்கினர். 1968-இல் ஜார்ஜ் ரொமெரோ எடுத்த படத்திற்குப் பின், ஊனுண்ணும் நடைப்பிணம் என்னும் கருத்து உலகெங்கும் பரவிற்று. கடியுண்டாரும் அவ்வாறே மாறுவர் என்பதும் உடன் நிலைத்தது. 2004-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ‘ஷான் ஆஃப் தி டெட்’ அதனை நகைப்புக்குரிய பொருளாக்கிற்று. இந்தியில் ‘கோ கோவா கான்’ 2013-இல் வந்தது. தமிழில் 2016-இல் உதகையைக் களமாகக் கொண்ட ‘மிருதன்’ வந்தது. அது நகைச்சுவை கலந்த அச்சப்படம். 2019-இல் யோகி பாபு நடித்த ‘ஜாம்பி’ முழு நகைச்சுவையாகவே எடுக்கப்பட்டது.

இவற்றைக் கண்டோர் கூறும் குறைகள் பெரும்பாலும் மூன்றனுள் அடங்கும். ‘அச்சமே தோன்றவில்லை’ என்பது ஒன்று. ‘சிரிப்பே வரவில்லை’ என்பது மற்றொன்று. ‘இது நம் நாட்டுச் சரக்கன்று’ என்பது மூன்றாவது.

முதலிரண்டும் ஒரு மரத்தின் இரு கிளைகள். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, நகையையும் அச்சத்தையும் வேறுவேறாக வைத்தார். நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பனவும், அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பனவும் நிலைக்களன்கள் என்றார். ஒருவன் அச்சத்தை நாடியும் மற்றொருவன் நகையை நாடியும் கொட்டகைக்குள் நுழைகின்றனர். கலப்புப் படமோ இருவர்க்கும் பாதியே அளிக்கின்றது. ஆதலின், ‘பயமில்லை’ என்று மட்டும் கூறுபவன் படத்தின் குறையைக் கூறுகின்றானா, தன் எதிர்பார்ப்பைக் கூறுகின்றானா என்பதைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். இனி, இரண்டும் ஒருங்கே வாராத படமும் உண்டு. 2019-ஆம் ஆண்டுப் படத்தைப் பற்றி மதிப்புரையாளர் பலர் கூறிய குறை இதுவே. அது நேர்மையான குறையாம்.

மூன்றாவது கூற்று பாதியே உண்மை. வடிவம் பிறநாட்டது, வேரோ நம்மிடத்தும் உண்டு. முதற் குலோத்துங்கன் காலத்துச் சயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில், பசியால் வாடிய பேய்கள் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் சமைக்கின்றன. குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் கூழ் வார்க்கும் இடத்தில், அருவருப்பும் நகையும் ஒன்றாய் எழுகின்றன. ஆவடி வழியே அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையிலேயே திருவாலங்காடு என்னும் நிலையம் உளது. காரைக்காலம்மையார் பேய்கள் உலவும் சுடுகாட்டைப் பாடியது அவ்வூரிலேதான். ஆதலின், பிணமும் பேயும் தமிழ்க்கவிக்குப் புதியன அல்ல.

ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. பரணிப் பேய் தொன்றுதொட்டே பேய். ஜாம்பியோ நேற்றுவரை நம் அண்டை வீட்டார், இன்று நோயுற்றவர். தொல்காப்பியர் பிணியை அச்சத்தின்கண் வையாது, இளிவரலின்கண் வைத்தார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. ஆகவே, இரசிகர் அரிதாகவே கேட்கும் நான்காம் வினா ஒன்று எழுகின்றது: ‘யான் யாரைக் கண்டு சிரித்தேன்?’

‘ஷான்’ படத்தில், தெருவெங்கும் பிணங்கள் உலவுவதை அறியாமலே நாயகன் காலையிற் கடைக்குச் சென்று திரும்புகின்றான். அங்கு நாம் நகைப்பது பிணத்தைக் கண்டன்று; உலகம் மாறியும் உணராத அவன் பேதைமையைக் கண்டு, அதனுள் நம் பேதைமையையும் கண்டேயாகும். பின்னர் அவன் தாயே கடியுண்டு மாறும்போது சிரிப்பு நின்றுவிடுகின்றது. அப்படத்தின் சிறப்பு அந்நிறுத்தத்திலேயே உளது. நோயுற்றார் தலையை உடைப்பதே வேடிக்கையாக அமைந்த படமோ, நம்மை வேறொன்றிற்குப் பழக்குகின்றது.

இது வீண் கவலை என்பாரும் உளர். அவர் 2020 ஏப்ரலை நினைக்கட்டும். கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை எரிக்க அம்பத்தூர் மயானத்திற்குக் கொண்டுவந்தபோது, சுற்றத்து மக்கள் தடுத்தனர். அவ்வுடல் வேறோர் மயானத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டது. நகரின் மற்றோரிடத்தில் வேறொரு மருத்துவரின் உடலைக் கொண்டுசென்றோர் கல்லெறியும் பட்டனர். அம்மாதமே, அடக்கத்தைத் தடுப்போர்க்கு மூன்றாண்டுவரை சிறை விதிக்கும் அவசரச் சட்டத்தை அரசு பிறப்பித்தது. தடுத்தவர் கொடியரல்லர், அஞ்சியவர். பிணம் எழுந்து கடிக்கும் என்று அவர் நம்பினாரல்லர். ஆயினும் அவ்வாறு நம்பியவர்போலவே நடந்துகொண்டனர். அவரை இகழ்வதும் நமக்குத் தகுதியன்று. அன்று நம் வீட்டுக் கதவுகளையும் நாம் இறுகவே சாத்தினோம்.

எனவே, மாணவ நண்பர்களே, அடுத்த முறை இத்தகைய படத்தைக் கண்டு கருத்துரைக்குங்கால், நன்று தீது என்று ஒரு சொல்லில் முடித்துவிடாதீர். எதனை நாடிச் சென்றோம், எவ்விடத்துச் சிரித்தோம், யாரைக் கண்டு சிரித்தோம் என்னும் மூன்றனையும் நும்மையே வினவுவீராக. தன் அச்சத்தைத் தானே எள்ளி நகைக்கக் கற்றவன், அஞ்சத்தக்க காலம் வரும்போது அயலானைத் தள்ளான். பிணியாளனை எள்ளி நகைக்கக் கற்றவனோ, அக்காலத்தில் கல்லெடுப்பான். ஒரு வேடிக்கைப் படத்தைப் பற்றிய கருத்து சிறிய பொருளே. ஆயினும் அதனைக் கூறுபவனின் உள்ளம் அதனுள் ஒளியாது நிற்கும்.