சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் உள்ள பிள்ளையோடு கூடாரத்தில் சில நாட்கள்



கோடை விடுமுறை வந்துவிட்டால் அமெரிக்காவிலும் கனடாவிலும் குடும்பங்கள் காரில் கூடாரத்தையும் சமையல் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்கும் காட்டுப்பகுதிக்கும் புறப்படுகின்றன. அங்கே குடியேறிய நம் மக்களும் அப்படியே போகிறார்கள். சபைகளும் பிள்ளைகளைக் கோடை முகாமுக்கு அழைத்துச் செல்கின்றன. அந்தப் பிள்ளைகளில் ஒருவனுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் என்ற நோய் இருந்தால் நாம் என்ன செய்வோம்?

அன்புள்ளவர்களும் இங்கே இரண்டு விதமாகத் தவறிப்போகக்கூடும். "பாவம், அவன் வீட்டிலேயே இருக்கட்டும்" என்று விட்டுவிடுவது ஒன்று. "இதே நோயுள்ள பிள்ளைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒரு முகாம் நடத்துவோம்" என்று புறப்படுவது மற்றொன்று. இரண்டும் ஏன் தவறு என்பதை இம்மாதப் பாடத்தில் படிப்போம்.

1. நோயை அறிவோம்

இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் நோய் அல்ல, பிறவியிலேயே வருவது. தாய் தகப்பன் இருவரிடமும் பழுதுள்ள ஒரு மரபணு மறைந்திருக்கும். அவர்களுக்கோ நோய் இராது. இருவரிடமிருந்தும் அந்தப் பழுதையே பெறுகிற பிள்ளைக்கு நோய் உண்டாகிறது. இப்படிப்பட்ட பெற்றோருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு அந்த வாய்ப்பு உண்டு. 7-ஆம் குரோமோசோமில் உள்ள இந்த மரபணுவை 1989-இல் டொராண்டோவிலும் மிச்சிகனிலும் உழைத்த விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

இது பழுதானால் உடலின் உயிரணுக்கள் உப்பையும் நீரையும் சரிவரக் கடத்துவதில்லை. நுரையீரலில் சளி பசைபோல் கெட்டியாகி அடைத்துக்கொள்கிறது; அதில் கிருமிகள் குடியேறுகின்றன. கணையத்தின் குழாய்களும் அடைபடுவதால் உண்ட கொழுப்பு செரிப்பதில்லை. பிள்ளை நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்தே இருக்கும். நியூயார்க்கில் பணியாற்றிய டோரத்தி ஆண்டர்சன் என்ற பெண் மருத்துவர் 1938-இல் இதை விரிவாக விவரித்தார். 1950-களில் இந்நோயுள்ள பிள்ளைகள் பள்ளிக்கூட வயதை எட்டுவதே அரிது. இன்றோ நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் அநேகர் வளர்ந்து, வேலைக்குப் போய், மணம் முடித்து வாழ்கிறார்கள். வெள்ளையருக்கு மட்டுமே வரும் நோய் என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள்; இந்தியப் பிள்ளைகளிடமும் இது காணப்படுகிறது.

2. வெயிலும் உப்பும்

1948-ஆம் ஆண்டு கோடையில் நியூயார்க் நகரை வெப்ப அலை தாக்கியது. வெயிலால் சோர்ந்து மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் இந்நோயுள்ளவர்கள் அதிகமாக இருப்பதை பால் டி சான்ட் ஆக்னீஸ் என்ற மருத்துவர் கவனித்தார். காரணத்தைத் தேடிய அவரும் அவருடைய சகாக்களும், இப்பிள்ளைகளின் வியர்வையில் உப்பு மிக அதிகம் என்று 1953-இல் எழுதினார்கள். பிள்ளையை முத்தமிடும் தாயின் உதட்டில் உப்புக் கரிப்பது இதனால்தான். இன்றும் வியர்வையின் உப்பை அளந்தே நோயை உறுதிசெய்கிறார்கள்.

ஆகவே கோடையில் வெளியே தங்கும் குடும்பத்துக்கு முதல் பாடம் உப்பு. ஓடியாடி வியர்க்கும் பிள்ளைக்குத் தண்ணீர் மட்டும் கொடுத்தால் போதாது. உப்புள்ள தின்பண்டமும், மருத்துவர் சொன்ன அளவில் உப்புக் கலந்த பானமும் வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக்கூடாது. தலைவலி, வாந்தி, தசைப்பிடிப்பு, அளவுக்கு மீறிய சோர்வு ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உப்பும் நீரும் கொடுத்து, மருத்துவ உதவியை நாடவேண்டும்.

3. மூச்சுக்கு விடுமுறை இல்லை

பள்ளிக்கு விடுமுறை உண்டு. சளியை வெளியேற்றும் அன்றாடப் பயிற்சிக்கு விடுமுறை இல்லை. கையைக் குழித்து மார்பிலும் முதுகிலும் தட்டுவதற்கு மின்சாரம் தேவையில்லை, கூடாரத்திலும் செய்யலாம். ஊதிப் பயிற்சி செய்யும் சிறு கருவிகள் சட்டைப் பையிலேயே அடங்கும். மார்பை அதிர வைக்கும் சட்டையைப் பயன்படுத்தும் பிள்ளையானால், மின் இணைப்புள்ள இடத்தை முன்னதாகவே பதிவு செய்துகொள்வது நல்லது. மருந்தை ஆவியாக்கித் தரும் நெபுலைசரில் பேட்டரியால் இயங்குவதும் கிடைக்கிறது. அதன் பாகங்களை ஏரித் தண்ணீரில் அலசிவிட்டால் போதும் என்று நினைப்பது ஆபத்து. ஒவ்வொரு முறையும் கழுவி, கொதிக்கும் நீரில் 5 நிமிடம் வைத்து, நன்றாக உலர்த்தவேண்டும். எந்தப் பாகத்தைக் கொதிக்க வைக்கலாம் என்பதைக் கருவியோடு வரும் குறிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

4. மருந்துப் பெட்டி

கொழுப்புள்ள எதைச் சாப்பிட்டாலும், ஒரு பிடி வறுகடலையானாலும், கணைய நொதி மாத்திரை வேண்டும். வெயிலில் நிற்கும் காரில் விட்டுவைத்தால் அதன் வீரியம் கெடும். சளியை இளக்கும் டோர்னேஸ் ஆல்ஃபா குளிர்பதனத்தில் இருக்கவேண்டிய மருந்து. பனிக்கட்டிப் பெட்டி அவசியம். 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, மூன்று மருந்துகள் சேர்ந்த புதிய மாத்திரை அநேகருடைய வாழ்க்கையையே மாற்றியிருக்கிறது. ஆனால் அது எல்லா வகைப் பழுதுக்கும் பொருந்தாது. உலகின் பல பகுதிகளில் அதன் விலை ஏழைக்கு எட்டாதது. அதைக் கொழுப்புள்ள உணவோடு உண்ணவேண்டும். திட்டமிட்டதற்கு இரண்டு நாள் அதிகமாகவே எல்லா மருந்தையும் எடுத்துச்செல்வதும், மருத்துவரின் கடிதத்தைக் கையில் வைத்திருப்பதும், அருகிலுள்ள மருத்துவமனை எது என்று விசாரித்து வைப்பதும் புத்தி.

5. விலகவேண்டிய மூன்று

முதலாவது புகை. இரவில் எரியும் நெருப்பைச் சுற்றி எல்லோரும் உட்காரும்போது, இந்தப் பிள்ளைக்குக் காற்று வரும் பக்கத்தில் சற்றுத் தள்ளி இடம் போடுங்கள். இரண்டாவது தேங்கிய நீரும் வெந்நீர்த் தொட்டியும். சூடோமோனாஸ் என்ற கிருமி ஈரமான இடங்களில் வாழ்கிறது. இந்நோயுள்ளவர்களின் நுரையீரலைப் பெரிதும் கெடுப்பது அதுவே. கடலும், நன்கு குளோரின் கலந்த நீச்சல் குளமும் பொதுவாகத் தடையில்லை. மூன்றாவது வைக்கோல் போரும் மக்கிய இலைக் குவியலும். அவற்றிலிருந்து கிளம்பும் பூஞ்சை நுரையீரலுக்கு ஆகாது.

6. முகாம்கள் மூடப்பட்ட காரணம்

இனி நம்மைப்போல் கொடுத்து உதவுகிறவர்கள் ஊன்றிப் படிக்கவேண்டிய பகுதிக்கு வருகிறோம்.

பல ஆண்டுகளாக வட அமெரிக்காவில் இந்நோயுள்ள பிள்ளைகளுக்கென்றே கோடை முகாம்கள் நடந்துவந்தன. பள்ளியில் இருமினால் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். முகாமில் எல்லோரும் இருமினார்கள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் மாத்திரை விழுங்கினார்கள். தன்னைப்போல் இன்னொருவன் உண்டு என்று ஒரு பிள்ளை அங்கே முதன்முதலாக அறிந்துகொண்டது. பெற்றோருக்கும் சில நாள் இளைப்பாறுதல். நல்ல மனிதர்கள் பணம் கொடுத்தார்கள்; வாலிபர்கள் சம்பளமின்றி உழைத்தார்கள்.

ஆனால் அங்கே ஒரு கிருமியும் பரவியது. 1950-இல் வால்டர் பர்க்ஹோல்டர் என்பவர், வெங்காயத்தை அழுகவைக்கும் கிருமி என்று விவரித்தது அது. பிற்காலத்தில் அவர் பெயராலேயே பர்க்ஹோல்டேரியா என்று அழைக்கப்பட்டது. ஆரோக்கியமானவர்களை அது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. இந்நோயுள்ள சிலருக்கோ சில வாரங்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடியது. நெருங்கிப் பழகுவதாலேயே இந்நோயுள்ள ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு அது பரவுகிறது என்பதற்குச் சான்றுகளை 1993-இல் எடின்பரோ ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கோடை முகாம்களில் பிள்ளைகளுக்கு அது தொற்றியதை 1994-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. 1990-களில் அந்த முகாம்கள் பெரும்பாலும் நிறுத்தப்பட்டன.

அந்தத் தீர்மானம் எவ்வளவு கசப்பாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் அழுதிருப்பார்கள், நண்பர்களைப் பிரிந்தார்கள். ஆனாலும் தாங்கள் அன்போடு கட்டியதைத் தாங்களே மூட அந்த நல்லவர்கள் துணிந்தார்கள். இந்நோயுள்ள இருவர் எப்பொழுதும் குறைந்தது 6 அடி தள்ளியிருக்கவேண்டும் என்பதே இப்போதுள்ள அறிவுரை. அவர்கள் இன்று தொலைபேசியிலும் கணினித் திரையிலும் ஒருவரையொருவர் சந்தித்து ஆறுதல் பெறுகிறார்கள்.

7. நாம் கற்றுக்கொள்வது

நல்ல மனம் இருந்தால் மட்டும் போதாது, அறிவும் சேரவேண்டும். நாம் செய்த நன்மையினாலேயே கேடு வருகிறது என்று தெரிந்தால், "இத்தனை பாடுபட்டோமே" என்று பிடித்துக்கொண்டிராமல் விட்டுவிடும் தைரியமும் வேண்டும்.

அதேசமயம், முகாம்கள் மூடப்பட்டதால் பிள்ளைக்குக் கூடாரமே இல்லை என்றாகாது. தன் குடும்பத்தோடு அவன் போகலாம். இந்நோயில்லாத மற்றப் பிள்ளைகளோடு சபை முகாமுக்கும் போகலாம். அவனுடைய நோய் யாருக்கும் தொற்றாது. மற்றவர்களுடைய சளியும் காய்ச்சலும்தான் அவனுக்கு ஆபத்து. எனவே சளி பிடித்திருப்பவர்கள் அவனை விட்டுச் சற்று விலகியிருக்கட்டும். எல்லோரும் கை கழுவட்டும். இதே நோயுள்ள வேறொரு பிள்ளையும் வருகிறதா என்று முன்பே விசாரியுங்கள். வந்தால் இருவருக்கும் வெவ்வேறு வாரங்களை ஒதுக்குங்கள். மருந்து வேளைகளைத் தாயிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அவனையும் எல்லோரையும்போல் ஓடவிடுங்கள். ஓட்டமும் விளையாட்டும் அவன் நுரையீரலுக்கு நல்லது.

சிந்திக்க:

அ. நம் முகாமில் நோயுள்ள ஒரு பிள்ளைக்கு இடம் இல்லை என்று எப்பொழுதாவது சொல்லியிருக்கிறோமா? உண்மையான காரணம் ஆபத்தா, நம் அறியாமையா?

ஆ. அப்பிள்ளையின் தாய்க்கு ஒருநாள் முழு ஓய்வு கொடுக்க நம்மில் யார் மருந்து வேளைகளைக் கற்றுக்கொள்ள ஆயத்தம்?

இ. அன்போடு நாம் தொடங்கிய எந்த வேலையை இப்போது மறுபடியும் ஆராய்ந்து பார்க்கவேண்டும்?