பல்லை அடைத்தாயிற்று, ஓரத்தைக் கவனிக்கிறோமா?

சொத்தைப் பல்லை அடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வலி இல்லை, பல்லும் பார்க்க அழகாக இருக்கிறது, பிறகு எதற்குப் பல் மருத்துவர் என்று இருந்துவிடுகிறோம். ஆனால் அடைத்த பல்லிலும் மீண்டும் சொத்தை வரலாம். அது பெரும்பாலும் தொடங்குவது, அடைப்பும் பல்லும் சேரும் ஓரத்தில்தான்.

ஓரக்கசிவு என்றால் என்ன?

பல்லின் நிறத்தில் வைக்கப்படும் 'காம்போசிட்' அடைப்பு, ரெசினும் நுண்ணிய கண்ணாடித் துகள்களும் கலந்தது. குழைவாக இருக்கும் இதைக் குழியில் வைத்து நீல ஒளியைக் காட்டினால் சில நொடிகளில் இறுகிவிடும். இறுகும்போது கன அளவில் சுமார் 2 முதல் 3 சதவீதம் சுருங்கும். அப்போது பல்லை விட்டு விலகினால், கண்ணுக்குத் தெரியாத இடைவெளி உண்டாகும். அதன் வழியே எச்சிலும் கிருமிகளும் உள்ளே போவதே ஓரக்கசிவு.

பழைய வெள்ளி நிற அடைப்பில் நாளடைவில் உண்டாகும் துரு போன்ற பொருள் இந்த இடைவெளியை ஓரளவு தானே மூடிவிடும். காம்போசிட்டுக்கு அந்த வசதி இல்லை. அது ஒட்டும் உறுதியையே நம்பியிருக்கிறது. பல்லின் மேலுறையான எனாமலில் அது நன்றாக ஒட்டும். ஈறை ஒட்டிய பகுதியில் எனாமல் மெல்லியதாகவோ இல்லாமலோ இருப்பதால், அங்கே பிடிப்பு குறைவு. ஒட்டும் நேரத்தில் எச்சில் பட்டாலும் பிடிப்பு கெடும். அதனால்தான் மருத்துவர் பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு போட்டு, மெல்லிய அடுக்குகளாக அடைக்கிறார். ஊருக்கு விடுமுறையில் போகும்போது இரண்டே நாளில் எல்லாப் பற்களையும் அடைத்துத் தரும்படி மருத்துவரை அவசரப்படுத்த வேண்டாம்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

• அடைத்த பல்லில் குளிர்ச்சியோ இனிப்போ பட்டால் கூசுவது. (புதிதாக அடைத்த பல் சில நாட்கள் கூசலாம். இரண்டு, மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் காட்டுங்கள்.)
• பல் இடுக்கில் விடும் நூல் ஒரே இடத்தில் சிக்கிப் பிய்வது, உணவு அடிக்கடி மாட்டுவது.
• கடிக்கும்போது வலிப்பது, அடைப்பின் ஓரம் உடைந்திருப்பது.
• சூடு பட்ட பின் நெடுநேரம் வலிப்பது, இரவில் வலியால் விழிப்பது. இது நரம்பு பாதிக்கப்பட்டதன் அறிகுறி, தாமதிக்கக் கூடாது.

ஓரத்தில் பழுப்புக் கோடு தெரிந்தாலே உள்ளே சொத்தை என்று பயப்பட வேண்டியதில்லை. காபி, தேநீர்க் கறையாகவும் இருக்கலாம். ஒவ்வொரு முறை அடைப்பை மாற்றும்போதும் நல்ல பல்லும் கொஞ்சம் போகிறது. எனவே, "முழுவதும் மாற்றாமல் ஓரத்தை மட்டும் சரிசெய்ய முடியுமா?" என்று கேட்பதில் தவறில்லை.

வீட்டில் நாம் செய்யக்கூடியது

இடைவெளி இருந்தாலும் சொத்தையை உண்டாக்குவது கிருமியும் சர்க்கரையும்தான். ஃப்ளோரைடு பற்பசையால் தினம் இருமுறை துலக்குவோம். இரவில் துலக்காமல் படுக்க வேண்டாம். சர்க்கரை போட்ட தேநீரை நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும் பழக்கத்தை விடுவோம். வலி இல்லாவிட்டாலும் மருத்துவர் சொன்ன இடைவெளியில் பல்லைக் காட்டிக்கொள்வோம். ஓரத்தில் தொடங்கியதை அன்றே கவனித்தால் சிறு வேலையோடு முடியும். விட்டுவிட்டால் வேர் சிகிச்சை வரை போகும்.